யப்பான் அக்காவுக்கு வந்த அழைப்பு

என் மனைவி இன்றுவரை என் பெயரைச் சொன்னதில்லை. வைத்தியரிடம் போனாலும் "இவர்"தான், வங்கிக்குப் போனாலும் "இவர்"தான். டென்மார்க்கில், புரொண்பியில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்போது அதை வைத்து அவளைக் கேலி செய்ய முடிகிறது. நான் ஹ்விடோவ்ரேயில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் அது கேலிக்குரிய விஷயமாக இருக்கவில்லை. அவள் கைக்குழந்தையோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அவர்களைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்துக்கு ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியில் வந்தது. டென்மார்க் அரசாங்கமே அதனால் ஆட்டம் கண்டது. அப்போது எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம், சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த தொலைபேசிதான்.

மதியத்தில் அது அடித்தால் எங்கள் மேற்பார்வையாளரான போர்மன் எடுத்து, யார் வேண்டும் என்று கேட்பார். எங்கள் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்வார்களா என்ன? "மை ஹஸ்பண்ட், மை ஹஸ்பண்ட்" என்பார்கள். போர்மன் எங்கள் பக்கம் திரும்பி, "ஆரோ ஒராளின்ர மனிசி!" என்று டேனிஷில் கத்துவார். தமிழர்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழும்பி ஓடுவோம். "குரலைக் கேட்டிட்டுக் கெதியாக் குடுங்கோடா, அங்க காசு ஓடுது!" என்று எங்களில் மூத்த அண்ணை பின்னால் நின்று சத்தம் போடுவார். டேனிஷ்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். ஒருவன் மட்டும் தொலைபேசியோடு நிற்க, மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரும்பி வந்து கறுப்புப் பாணைக் கடிப்போம்.

அந்தச் சிரிப்பில் சேராதவர் யப்பான் அக்கா. அது நாங்கள் வைத்த பெயர். ஒசாக்காவில் பிறந்து, ஒரு டேனிஷ் மாலுமியைக் கட்டி வந்து, அவரையும் இழந்துவிட்டுத் தனியாக இருந்தவர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிராக நடந்து வந்து, விரிப்பை மடிக்கும் வேலையில் அவர்தான் என் சோடி. யப்பான்காரனின் ரேடியோ என்ன, ரயில் என்ன என்று நான் புகழ்ந்து தள்ளுவேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பார்.

ஒரு மதியம் தொலைபேசி அடித்தது. நாங்கள் அரைவாசி எழும்பிவிட்டோம். போர்மன் கையைக் காட்டி எங்களை இருத்திவிட்டு, நாங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயரை உரக்கச் சொன்னார். யாரும் அசையவில்லை. "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அக்கா தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு விரிப்பு மடிக்கும்போது அவர் கையிலிருந்து முனை நழுவி நிலத்தில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"அது என்ர பேர்தான்" என்றார்.

அவருடைய பெற்றோர் கொரியர்கள். யப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில் ஒசாக்காவுக்கு வேலைக்கு வந்தவர்கள். அக்கா கொரியாவைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் பிறந்த மண் அவரைத் தன் ஆளாகச் சேர்க்கவில்லை. பதினாறு வயதில் அந்நியர் என்று கைரேகை எடுத்தது. கொரியப் பெயருக்கு வேலையும் கிடைக்காது, வாடகைக்கு அறையும் கிடைக்காது. அதனால் வெளியில் யப்பானியப் பெயர், வீட்டுக்குள் மட்டும் சொந்தப் பெயர். ரோட்டில் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே கூடாது என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார். தம்பி வேறு மாதிரி. கைரேகை கொடுக்கமாட்டேன் என்று மறுத்து, யப்பானியப் பெயரையும் தூக்கி எறிந்தவன். செத்தாலும் அக்காவின் பொய்ப் பெயரை வாயால் சொல்லமாட்டானாம். அந்தப் பேச்சிலேயே இருவரும் கோபித்துப் பிரிந்திருந்தார்கள்.

"அவன் எடுக்கிறான் எண்டால் அம்மாவுக்கு ஏதோ. இந்த இலக்கம் அம்மாவிட்ட மட்டும்தான் இருந்தது" என்றார். தம்பியின் இலக்கம் அவரிடம் இல்லை. வேலை முடிந்து தபால் கந்தோரிலிருந்து அம்மாவின் வீட்டுக்கு எடுத்துப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடனே விமானம் ஏறவும் வழியில்லை. கனகாலம் வெளியில் இருந்துவிட்டதால், தான் பிறந்த ஊருக்கே விசா கேட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை அவருக்கு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நாளைக்கு எடுத்தால் எழும்புங்கோ" என்றேன்.

மறுநாளும் அழைப்பு வந்தது. போர்மன் சலித்துக்கொண்டு அதே பெயரைச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பாணை வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அது நான்" என்றார்.

"இல்லையில்லை, இவர் கேக்கிறது வேற ஆளை" என்றார் போர்மன்.

"நான்தான். தாங்கோ."

தொலைபேசியை வாங்கித் தன் பெயரைச் சொன்னார். பிறகு இன்னும் உரத்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மறுமுனையில் என்ன கேட்டதோ, அவர் முகம் மாறியது. திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார். போர்மனையும் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

அன்றே அவருடைய அம்மா போய்விட்டார். அடுத்த கிழமை விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில்தான் அக்கா அதைச் சொன்னார். தம்பி ஆஸ்பத்திரியில் தொலைபேசியை அம்மாவின் காதில் வைத்திருந்தானாம். மகளின் பெயர் காதில் விழுந்ததும் அம்மா பதறி, "பக்கத்தில ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டாராம்.

"ஒருத்தரும் இல்லை அம்மா எண்டு சொன்னன்" என்றார்.