சுண்ணாம்பு வளையம்

அறுபதுகளில் பிச்சாவரத்துக் காட்டை விறகுக்காகப் பகுதி பகுதியாக ஏலம் விட்டு வெட்டினார்கள். அதில் ஒரு பகுதியை எடுத்த ஒப்பந்தக்காரரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. செத்துப்போய்விட்டார் என்று சொன்னார்கள். அதற்காகவெல்லாம் மனசு இளகிவிடவில்லை.

நான் அப்போது சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, முனைவர் பட்டத்துக்காக அந்தக் காட்டின் ஒரு மூலையில் இருந்த பருத்த சுரபுன்னை மரங்களைக் கவனித்துவந்தேன். எந்த மரத்தின் வேருக்குள் எந்த நண்டு, எந்த மீன்குஞ்சு, எந்தப் பருவத்தில் வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்த மரங்கள் போனால் ஆராய்ச்சியும் போச்சு. அந்த வருட ஏலத்தில் என் மூலையும் அவர் கைக்குப் போனது. என் மரங்களை விட்டுவைக்கும்படி கேட்கப் பண்ருட்டிக்கு ஓடினேன். அவருடைய மரவாடியில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"ஒங்க மரம் எதுன்னு எங்காளுங்களுக்கு எப்டித் தெரியும்? சுண்ணாம்புல வளையம் போட்டு வையிங்க தம்பி. அவுங்க பாத்துக்குவாங்க."

நம்பினேன். இடுப்பளவு சேற்றில் நின்று, தண்ணீர் ஏறாத உயரத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் வளையம் போட்டேன். கையெல்லாம் வெந்துபோனது.

வெட்டு தொடங்கிய பிறகு படகில் போய்ப் பார்த்தால், என் மூலை மொட்டையாகக் கிடந்தது. சுற்றியிருந்த மரங்கள் மட்டும் அப்படியே நின்றன. காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த மரவெட்டிகளில் ஒருவர் சிரித்தபடி என்னிடம் வந்தார்.

"சார் சுண்ணாம்பு போட்டதுல ஒண்ணுகூட வுடல. மொதல்ல அதத்தான் வெட்டணும்னு மொதலாளி சொன்னாரு."

அவர்கள் ஊர்ப்பக்கத்து முந்திரித் தோப்புகளில், வெட்டுக்கு விற்ற மரத்துக்குத்தான் சுண்ணாம்பு வளையம் போடுவார்களாம். மரவியாபாரத்திலேயே ஊறிய அந்த மனுஷனுக்கு இது தெரியாதா? காட்டிலேயே பருத்த மரங்களாகப் பார்த்து, நானே அவருக்குப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன்!

மறுபடியும் மரவாடிக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"நீங்கதான தம்பி போட்டீங்க? நானா போட்டேன்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

பேராசிரியருக்கு என் கோபம் விளங்கவில்லை. "அதனாலென்ன, வெட்டுன எடத்துல என்ன ஆகுதுன்னு பாரு. இதுவும் நல்ல டாபிக்தான்" என்றார். பட்டம் அதில்தான் கிடைத்தது. வேலையும் அதில்தான். மனிதர்களால் உயிரினங்களுக்கு நேரும் அழிவை ஆராய்ந்தவர் என்று மேடைக்கு மேடை அறிமுகப்படுத்துகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. அழிவைப் படிக்க நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. நான் பார்க்கப் போனது உயிரோடு இருந்த நண்டுகளை.