சிவப்பு டிராக்டர் ஆறவில்லை

இது நடந்தது. இதற்குமேல் எப்படி அழுத்திச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. என்னையே நம்பாதவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவள். அதனாலேயே எல்லாவற்றையும் மணியோடு எழுதி வைப்பேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் எஞ்சின் பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு நோட்டில்தான் அந்த நவம்பர் பதினான்காம் தேதியும் இருக்கிறது. கீழே வரும் மணிகள் அதிலிருந்து எடுத்தவை. இட்டுக்கட்டியவை அல்ல.

நாங்கள் இருப்பது விஸ்கான்சினின் மேற்கு ஓரம், மேடும் பள்ளமுமான பகுதி. நானும் என் கணவன் எம்மெட்டும் ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். கீழ்ப் பாதியில் பூண்டும் பூசணியும். மேல் பாதி செங்குத்தான புல் சரிவு. அந்தப் புல்லை ஜூன் முதல் வாரத்துக்குள் வெட்டிவிட வேண்டும் என்பது நிலக்காரர் போட்ட ஒரே நிபந்தனை. வெட்டாவிட்டால் குத்தகை போயிற்று. பகலில் நான் சீஸ் ஆலையில் நிற்கிறேன், எம்மெட் மர ஆலையில் பலகை தூக்குகிறான். மிச்ச நேரத்தில் நிலம். அந்த வருடம் முழுக்கக் கையால் தள்ளும் இயந்திரத்தோடு போராடி, இரண்டு பேருக்கும் முதுகு போய்விட்டது. பழைய டிராக்டர் ஒன்று வாங்கியே ஆகவேண்டும்.

வெர்னா ஹௌகன் என்ற அம்மாவின் கொட்டகையில் இரண்டு நின்றன. அவருடைய கணவர் ஓர்வில் கோடையில் இறந்துவிட்டார். மாரடைப்பாக இருக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று சிவப்பு. இரண்டுமே எழுபது வயதைத் தாண்டியவை. ஒரே விலை. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். சாம்பல் இலேசானது, தாழ்வானது. கலப்பையையோ புல்வெட்டியையோ ஹைட்ராலிக் தானே தூக்கிவிடும், முதுகுக்கு நல்லது. ஆனால் எடை குறைவு என்பதால் ஈரப் புல்லில் வழுக்கும். சிவப்பு கனமானது, சரிவில் மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் கை நெம்புகோலால்தான் தூக்க வேண்டும். சாம்பல் ஒன்பது புள்ளி, சிவப்பு பதினொன்று. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் தடவையும்.

"உன் பட்டியலுக்கு முதுகு வலிக்காதுல்ல" என்றான் எம்மெட்.

"வழுக்கினா நீதான் அடியில கிடப்பே."

"அப்பவாச்சும் படுக்கலாம்" என்றான்.

அவ்வளவு களைப்பு எங்களுக்கு.

நவம்பர் பதினான்கு, மாலை 4.50க்குக் கொட்டகைக்குள் நுழைந்தோம். சூரியன் இறங்கிவிட்டது. வெளியே மாட்டுத் தொட்டியில் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். எஞ்சின்மேல் கை வைப்பார்கள். ஜில்லென்று இருந்தால் விற்கிறவர் நேர்மையானவர். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத கட்டையை முன்கூட்டியே ஓட்டி வைத்து நம் தலையில் கட்டப்பார்க்கிறார் என்று அர்த்தம்.

சாம்பல்மேல் வைத்தேன். விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர்.

சிவப்பின்மேல் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

எம்மெட்டும் வைத்துப் பார்த்தான். வெர்னாவைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன வெர்னா... எங்களுக்காக அடுப்பு மூட்டி வெச்சிருக்கீங்களா?"

"யாரும் அதைத் தொடலப்பா."

"அப்ப வெயில் காய்ஞ்சுதாக்கும்?"

வெர்னாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத முகம். "பேட்டரி பெட்டியத் தொறந்து பாரு. காலி. அதைக் கையால சுத்தித்தான் கெளப்பணும். சுத்தற கம்பி என் சமையலறையில மாட்டியிருக்கு. ஜூலையில இருந்து அங்கதான் இருக்கு."

போய் எடுத்து வந்தார். கம்பியில் சிலந்தி வலை இருந்தது. எம்மெட் அரைச் சுற்றுதான் சுற்றினான். சிவப்பு உடனே உறுமியது. இந்தக் குளிரில் எந்தக் கிழட்டு எஞ்சினும் அப்படிக் கிளம்பாது. அணைத்துவிட்டோம். மணி 5.02.

"கிழவி கெட்டிக்காரி, கம்பியில வலையைக்கூட ஒட்டியிருக்கா" என்று என் காதில் கிசுகிசுத்தான்.

"பேசாம இரு. பட்டியல் சிவப்புன்னுதான் சொல்லுது."

சரி, சிவப்பு என்று முடிவாயிற்று. எம்மெட் நண்பனிடம் ட்ரெய்லர் வாங்கி வரக் கிளம்பினான். போய்வர நாற்பது நிமிடம். வெர்னா வீட்டுக்குள் போய்விட்டார். சிவப்பின் பின் சக்கரத்தில் காற்று குறைவாக இருந்தது. நான் கைப் பம்ப்போடு கொட்டகையில் தங்கினேன். தலைக்கு மேல் ஒரே ஒரு பல்பு.

5.10. சூடான எஞ்சின் ஆறும்போது இரும்பு சுருங்கி 'டிக்... டிக்...' என்று சத்தம் போடும். வகுப்பில் படித்ததுதான். ஆற ஆற அந்தச் சத்தம் இடைவெளி விட்டுக் குறைந்துகொண்டே போகும். சிவப்பும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்ற கால்கள் கெஞ்சின.

5.17. சத்தம் குறையவில்லை. நெருங்கி வந்தது. டிக், டிக், டிக்.

நான்தான் தப்பாகக் கேட்கிறேன் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று.

பானெட்மேல் கை வைத்தேன். ஆறவில்லை... முன்னைவிடச் சூடு.

5.21. ஒரு வாசனை வந்தது. வைக்கோல் வாசனை என்றால் கொட்டகையில் ஆச்சரியமில்லை. இது அப்போதுதான் வெட்டிய பச்சைப் புல். நவம்பரில்.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. 'களைப்பு, கெல்சி, வெறும் களைப்பு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி பம்ப் அடித்தேன்.

5.24. தற்செயலாக முன்பக்கம் பார்த்தேன். நாங்கள் வந்தபோது சிவப்பின் முன் சக்கரங்கள் நேராக இருந்தன. நோட்டில்கூட எழுதியிருக்கிறேன், 'சக்கரம் நேர், தேய்மானம் சமம்'.

இப்போது இடப்பக்கம் திரும்பியிருந்தன.

சாம்பல் டிராக்டர் நிற்கும் பக்கம்.

'க்ரீ...ச்.'

தலைக்கு மேலே. இருக்கையின் ஸ்பிரிங்.

பழைய டிராக்டர் இருக்கை சும்மா கீழே இறங்காது. ஆள் உட்கார வேண்டும்.

இறங்கியது. மெதுவாக... நாலு விரல் அளவுக்கு.

இறங்கியே இருந்தது.

பம்பை விட்டுவிட்டேன். டிக்டிக் சத்தம் நின்றது. எதுவுமே கேட்கவில்லை. என் மூச்சுகூட.

பிறகு முன் சக்கரத்துக்கு வைத்திருந்த மரக்கட்டை முனகியது. டிராக்டர் அதன்மேல் ஏறப் பார்த்தது. எஞ்சின் ஓடவில்லை... ஆனாலும் தள்ளியது.

ஒரு அங்குலம்.

இன்னொரு அங்குலம்.

என் பக்கம் இல்லை. சாம்பலை நோக்கி.

ஓடினேன்.

மணி 5.29. ஓடிக்கொண்டே எழுதியதால் அந்த எண் மட்டும் நோட்டில் கோணலாக இருக்கிறது.

5.42க்கு எம்மெட் ட்ரெய்லரோடு வந்தபோது நான் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"சாம்பலை ஏத்து" என்றேன்.

"பட்டியல்?"

"அது கெடக்குது. எனக்குச் சிவப்பு வேண்டாம்."

"ஒரு வாரமா உயிரை வாங்கினியே!"

"எம்மெட்... ஏத்து."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சங்கிலியை எடுத்தான். அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஹைட்ராலிக் கிடைக்கிறதே. நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். சூடானதை விட்டுவிட்டுக் குளிர்ந்ததை எடுத்தோம். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெர்னா வாசலில் வந்து நின்றார். சங்கிலி போட்டு இறுக்கிய சாம்பலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதையா எடுக்கறீங்க?"

"ஆமாங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "குளிருது, வீட்டுக்குப் போங்க பிள்ளைங்களா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சாம்பல் நன்றாகத்தான் வேலை செய்தது. ஏப்ரலில் உழுதோம். என் முதுகு வலி பாதி குறைந்தது. கொட்டகையில் பார்த்ததைக் களைப்பு என்று எழுதி, அடிக்கோடிட்டு முடித்துவிட்டேன்.

மே இருபத்தொன்றாம் தேதி, வகுப்பில் பக்கத்து மேசைக்கார ரூடி என் நோட்டை எட்டிப் பார்த்தான். அவன் ஊர் தீயணைப்புக் குழுவில் தொண்டு செய்கிறவன்.

"ஹௌகன் வீட்டு டிராக்டரா? எது... சிவப்பு?"

"சாம்பல்."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"உனக்கு யாரும் சொல்லலியா?"

"என்னத்த?"

"ஓர்வில் அதுக்கு அடியிலதான் செத்தாரு. ஜூலையில. சரிவுல புல்லு வெட்டும்போது, ஈரம்... வழுக்கிப் புரண்டுடுச்சு. நாங்கதான் போய்த் தூக்கினோம்."

ரூடி குரலைத் தாழ்த்தினான்.

"நான் இதை யார்கிட்டயும் பேசறதில்ல. நாங்க போனப்ப சிவப்பு டிராக்டர் அங்க நின்னுச்சு. சாம்பலோட அச்சுல சங்கிலி மாட்டி, இழுத்து விறைப்பா நின்னுச்சு. எஞ்சின் ஓடிட்டிருந்தது. பின் சக்கரம் ரெண்டும் மண்ணைத் தோண்டித் தோண்டிப் பாதி உயரத்துக்கு எறங்கியிருந்தது. அவரைத் தூக்கப் பார்த்திருக்கு... ரொம்ப நேரமா."

"யாரு ஓட்டினது?"

"வெர்னா டவுன்ல இருந்தாங்க. அடுத்த வீடு ஒன்றரை மைல் தள்ளி. ஈர மண்ணுல ஓர்வில் பூட்ஸ் தடம் தவிர வேற தடமே இல்ல. அறிக்கையில 'தெரியவில்லை'ன்னு எழுதினோம்."

அன்றிரவே வெர்னாவுக்குப் போன் செய்தேன். நான் பேசுவதற்கு முன்பே அவர் பெருமூச்சு விட்டார்.

"தெரிஞ்சுடுச்சா? நீங்க சிவப்புன்னுதானேம்மா வந்தீங்க. அதான் நான் ஒண்ணும் சொல்லல. கடைசியில சாம்பலை ஏத்தினப்ப சொல்ல மனசு வரல."

"அதை இப்ப வாங்கிக்கறோம். எவ்வளவுன்னாலும் பரவாயில்ல."

"ஜனவரியிலேயே பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். எவன் வந்து கைவெச்சாலும் சூடா இருக்குன்னு என்னைத் திருடியாட்டம் பார்த்தான். துண்டு துண்டா அறுத்துட்டாங்களாம்."

எம்மெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் தலை கவிழ்த்தபடியே கேட்டான். நம்பினானா என்று தெரியவில்லை. "வேற வாங்க நம்மால முடியாது, கெல்ஸ். ஈரம் காயட்டும். பார்த்து ஓட்டறேன்" என்றான்.

இன்று ஜூன் நான்கு. மூன்று நாளாக மழை விடவில்லை. நிலக்காரர் நாளை மாலை வருகிறார். எம்மெட் நாளைக் காலை 5.30க்கு, சாம்பலில், மேல் பாதிச் சரிவில் ஏறுகிறான்.

நான் கீழே நிற்பேன். புரண்டால் இழுக்க எங்களிடம் வேறு டிராக்டர் இல்லை.