செதுக்காதவரின் உளிகள்

பேருந்து ஓட்டிய காலத்தில் அவருக்குத் துடைப்பதில் ஒரு பைத்தியம் இருந்தது. வண்டி எந்த நிறுத்தத்தில் நின்றாலும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி வெளியே வரும். ஸ்டியரிங், கண்ணாடி, கியர்த் தண்டு என்று கைக்கு எட்டியதெல்லாம் ஒரு துடைப்பு வாங்கும். கடைசிப் பயணி ஏறி முடிப்பதற்குள் துணி மடிந்து பழைய இடத்துக்குப் போய்விடும். டிப்போவில் அவரைப் 'பளபளா' என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றபோது, உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்த பரிசே ஒரு கட்டு மஞ்சள் துணிதான்.

அந்தக் கட்டு வீட்டுக்கு வந்ததில்தான் வினை தொடங்கியது. அவருடைய மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து தைப்பவள். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதே இவர் வந்து மெஷினின் கழுத்தைத் துடைப்பார். துணி வெட்டும்போது மேசையின் மறுமுனையைத் துடைப்பார். ஒருநாள் அவள் பாதி தைத்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க துடைச்ச துடைப்புல மெஷின் மேல இருந்த பேரே அழிஞ்சு போச்சு. அடுத்தது என் பேரைத்தான் அழிக்கணும். எங்கயாவது போய்ட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

எங்கே போவது என்பதையும் அவளே பார்த்து வைத்திருந்தாள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் மரச்செதுக்கு வகுப்பு நடப்பதாக அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. அவரிடம் கேட்காமலேயே பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது வீடு மூச்சு விடட்டும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கீழ்த்தளம் முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த இடம். கூரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு ஜன்னல். அதன் வழியே தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். வகுப்பு எடுத்தவள் நாற்காலி, கட்டில்களுக்குப் பூவேலை செய்து பழகியவள். இவரைவிட வயதில் நிரம்பச் சின்னவள். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் மரத்தூள். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். அவள் இவரை டிரைவர் சார் என்றாள்.

முதல் நாள் ஆளுக்கொரு மரத்துண்டும் ஒரு மழுங்கிய உளியும் கொடுத்து, குறுக்குவாட்டில் செதுக்கச் சொன்னாள். மரம் நாய் கடித்த ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. பிறகு அதே உளியை வாங்கி, கல்லில் கொஞ்ச நேரம் தேய்த்து, தோல் பட்டையில் இழுத்துவிட்டு, அதே மரத்தில் ஓட்டினாள். சீவல் சுருண்டு எழுந்தது. வெட்டுப்பட்ட இடம் மெருகு போட்டதுபோல மின்னியது. மற்றவர்கள் எல்லோரும் சீவலைப் பார்த்தார்கள். இவர் உளியைப் பார்த்தார்.

"டீச்சர், அதை இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்களேன்."

"எதை? செதுக்குறதையா?"

"இல்ல, அந்தத் தேய்க்கிறதை."

அடுத்த சில வகுப்புகள் முழுக்கத் தீட்டுவதிலேயே போயின. மற்றவர்களுக்குச் சலிப்புத் தட்டியது. பக்கத்து மேசையில் இருந்த தபால்காரர், "கத்தி தீட்டத்தான் வந்தோமா? நான் ஒரு யானை செய்யலாம்னு வந்தேன்" என்று முணுமுணுத்தார். இவருக்கோ நேரம் போனதே தெரியவில்லை. உளி முனையின் சாய்வில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசிவிட்டுக் கல்லில் ஒருமுறை ஓட்டினால், எங்கே மை போயிருக்கிறது, எங்கே அப்படியே இருக்கிறது என்று கை செய்த தப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். வளைந்த உளியாக இருந்தால் தேய்க்கும்போதே மணிக்கட்டை மெல்ல உருட்ட வேண்டும். தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். விரலால் வருடினால் துணி நூல் மாதிரி தட்டுப்படும். அதை உள்வளைவில் சின்ன உருளைக் கல்லால் எடுத்துவிட்டு, தோல் பட்டையில் பின்பக்கமாகவே இழுக்க வேண்டும். முன்பக்கம் தள்ளினால் தோல் அறுந்துவிடும். கடைசியில் முனையை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் உளி தயார். இத்தனை வருடம் பளபளப்பைத் தேடி அலைந்தவருக்கு, ஒன்றும் மின்னக்கூடாது என்பதற்காகப் பாடுபடுவது வேடிக்கையாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

செதுக்கும் கட்டம் வந்தபோதுதான் சிக்கல். அவர் ஒரு வாத்து செய்தார். பல வகுப்புகள் மெனக்கெட்டு, கழுத்து ஒடியாமல் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மனைவியின் தம்பி அன்றைக்கு வந்திருந்தான். செருப்புக்கடை வைத்திருப்பவன். வாத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, குதிகால் நல்லா வந்திருக்கு. ஜோடி எங்க?"

மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. இவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வது? ஆனால் படுக்கும்போது ஒரு கேள்வி மனதில் உறுத்தியது: அந்த வாத்தைப் பற்றித் தனக்கு ஏன் வருத்தமே வரவில்லை?

அடுத்த வகுப்பில் டீச்சரிடம் சொன்னார்.

"டீச்சர், எனக்குச் செதுக்க வரலை."

"வரலையா, பிடிக்கலையா?"

கொஞ்சம் யோசித்தார். "பிடிக்கலைதான். தீட்டுறதுதான் பிடிச்சிருக்கு. தப்பா?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "தப்பா? இப்படி ஒரு ஆள் வர மாட்டாங்களான்னு தவம் கிடந்திருக்கேன் சார்." அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோர அலமாரியைத் திறந்தாள். வகுப்பின் உளிகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. சிலவற்றில் துரு. சிலவற்றின் பிடி ஆடியது. குழந்தைகளைத் தரையில் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். துருவைச் சுரண்டி, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகத் தீட்டினார். மஞ்சள் துணிகளுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. ஆனால் முனைகள் ஒன்றையொன்று இடிக்காமல் வைக்க ஒரு வழி வேண்டும். மனைவியிடம் கெஞ்சினார்.

"இந்தாம்மா, கெட்டித் துணியில பை பையா வச்சு ஒண்ணு தைச்சுத் தாயேன். சுருட்டிக் கட்டுற மாதிரி."

"சும்மாவா தைக்கிறது? ஒவ்வொண்ணும் ஒரு அளவுல இருக்கே. குடுங்க, அளந்து பாக்கிறேன்."

அளப்பதற்காகத்தான் அவள் உளிகளைக் கையில் எடுத்தாள். எடுத்தவள், ஒரு வளைவு உளியை நூல் தீர்ந்த பழைய மரக்கட்டை உருளையின் மேல் சும்மா ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெயில் போவதுபோலப் போனது. இன்னொரு முறை ஓட்டினாள். சாயங்காலம் கல்லும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, தைக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது. மெஷின் மேசையின் இழுப்பறை முகப்பில் காம்போடு ஓர் இலை முளைத்திருந்தது. அவள் மரத்தூளை ஊதிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் செஞ்சது?"

"பக்கத்து வீட்டுப் பூனை. ஏங்க, யார் செஞ்சிருப்பாங்க?"

வாழ்நாள் முழுக்கத் துணியில் கழுத்து வளைவும் கை வளைவும் வெட்டிய கண் அது. கோடு எங்கே திரும்ப வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு வீட்டில் மரமாக இருந்த எதுவும் தப்பவில்லை. நாற்காலி முதுகில் கொடி, அலமாரிக் கதவில் மீன், சப்பாத்திக் கட்டையின் பிடியில்கூடப் பூ. அவள் மழுங்க வைக்க, அவர் தீட்ட, இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. ரிட்டையரான பிறகு அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு கேட்டதில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயின்ட் டப்பா வந்தது. கதவில் செதுக்கிய மீனுக்கு வண்ணம் பூச ஆசைப்பட்டாள். டப்பாவின் மூடி திறக்கவில்லை. கைக்குப் பக்கத்தில் அவருடைய செல்ல உளி இருந்தது. விரல் நகம் போல வளைந்த மெல்லிய முனை. அதைக் கொடுத்து நெம்பினாள். மூடி திறந்தது. முனையில் அரிசிமணி அளவுக்கு ஒரு துண்டு தெறித்துவிட்டது.

அவர் பார்த்தார். முகம் சிவந்தது.

"இத்தனை வருஷத்துல உன் கத்திரிக்கோலால நான் ஒரு காகிதம் வெட்டியிருப்பேனா? தொட்டாலே என்ன கத்து கத்துவே! என் உளிதான் உனக்கு டப்பா திறக்கிறதுக்குக் கிடைச்சுதா?"

அவள் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள். அன்றைக்கோ, கத்திரிக்கோல் என்ற ஒரு சொல்லே அவளை அடக்கிவிட்டது. அவரும் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

பால்கனியில், உளிகளுக்காக அவர் வாங்கிப் போட்ட ஒரு கைச்சாணைச் சக்கரம் இருந்தது. உடைந்த பள்ளம் மறையும் வரைக்கும் முனை முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி இரும்பில் நீலம் பாய்ந்துவிடும். பதம் போய்விடும், அப்புறம் அது உளியே இல்லை. ஆகவே இரண்டு சுற்று சுற்றுவார், தண்ணீரில் முக்குவார், வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு இரண்டு சுற்று. கோபத்தோடு செய்ய முடியாத வேலை அது. முதல் நாள் சாயங்காலம் முடிவதற்குள்ளேயே அவருக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. முகத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார், ஒரு கெத்துக்கு.

மறுநாள் அவள் இரண்டு டம்ளர் டீயோடு வந்து பால்கனி வாசற்படியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நொடியில உடைச்சேன். இன்னுமா தேயுது?"

"இன்னும் பாதிகூட ஆகலை."

"இவ்வளவு வேலைன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க சும்மா துடைச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். "டப்பா திறக்க ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் வாங்கித் தரேன். அதை என்ன வேணாலும் பண்ணிக்கோ."

"அதையும் தீட்டி வச்சிடாதீங்க!"

அந்த உளி கொஞ்சம் குட்டையாகிப் போனாலும் நன்றாகவே தேறியது. அடுத்த வகுப்புக்கு அவளும் கிளம்பிவிட்டாள். டீச்சர் அவள் கைவேலையைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "சார், இவங்களை வீட்லயே ஒளிச்சு வச்சிருந்தீங்களே!" தபால்காரர் தன் யானையைத் தள்ளி வைத்துவிட்டு அவளிடம் தும்பிக்கைக்கு யோசனை கேட்டார்.

நூலகத்தின் படிப்பறைக் கதவுக்கு வகுப்பு சேர்ந்து ஒரு மரப்பலகை செய்து கொடுத்தது. நடுவிலிருந்த கொடி அவளுடையது. பலகையைப் பொருத்திய அன்று இருவரும் போய்ப் பார்த்தார்கள். மச்சானும் வந்து, கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா வேலைன்னு பாத்தவுடனே தெரியுது. இதுல நீங்க செஞ்சது எது மாமா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லடா" என்றார் அவர், மனநிறைவோடு. பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தில் வெட்டுகளைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. இலையின் வளைவுகள் தண்ணீர் பட்டதுபோல மின்னின.

அவளோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். "மரம் ரொம்ப மிருதுங்க. அதான் நுனியெல்லாம் மொண்ணையாத் தெரியுது. அடுத்த தடவை நல்ல கெட்டி மரத்துல செய்யணும்."

"கெட்டி மரமா?" அவர் நிமிர்ந்தார். கெட்டி மரம் என்றால் இந்தச் சாய்வு தாங்காது. முனையைக் கொஞ்சம் செங்குத்தாக மாற்ற வேண்டும். அப்படியானால் எல்லா உளிகளையும் முதலிலிருந்து தீட்ட வேண்டும். ஒன்று விடாமல்.

"எப்ப ஆரம்பிக்கிறே?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார். அவள் பதில் சொல்வதற்குள் பாதித் தெரு போய்விட்டார்.