சாமை மிஷினும் எங்கள் நாலு சக்கர வீடும்

சாமையிலிருந்து உமியைப் பிரிக்கிற மிஷின், அதை வைத்திருப்பவர்களின் வீட்டிலிருந்து நட்டையும் போல்ட்டையும் சேர்த்தே பிரித்துவிடும். எங்கள் மிஷினும் வீடும் ஒரே வேனில் இருக்கின்றன. பின்பாதியில் மிஷின். முன்பாதியில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, என் வீட்டுக்காரர், நான். வேன் எஞ்சினில் பெல்ட் மாட்டினால்தான் மிஷின் ஓடும். ஜவ்வாது மலையில் ஆறு நாளைக்கு ஆறு ஊர் என்று முறை வைத்துப் போவோம். சாமை அரிசியாகும். வீடு ஆடும்.

ஆடாத வீடு ஒன்றை போளூரில் பார்த்து வைத்திருந்தேன். இரண்டு அறை. இப்போது இருப்பவர்கள் தையில் காலி செய்கிறார்கள், அட்வான்ஸைக் கொண்டு வந்தால் சாவி உனக்கு என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். அதற்காக ஒரு பால்பவுடர் டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தேன். டப்பா கனக்கிற நேரம் பார்த்து வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்கும். அப்படி ஒரு சத்தம் கேட்டு சேர்த்த காசை எண்ணிப் பார்த்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

கதவு

அறுவடை தொடங்கிய முதல் வாரம். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுக் கதவின் கீல் கழன்று, கதவு தடாலென்று வெளியே விழுந்தது. அந்த அதிர்ச்சியில் அலமாரியும் சாய்ந்தது. அதிலிருந்த மிளகாய்த்தூள் டப்பா நேராக ஒரு அம்மாவின் குத்தி முடித்த சாமையில் கவிழ்ந்தது.

மலையில் ஒருத்தி சாமையோடு இன்னொருத்தி சாமை ஒரு பிடி கலந்தாலும் பஞ்சாயத்துதான். ஒவ்வொரு மூட்டைக்கும் மிஷினைத் துடைத்துக் காட்டியாக வேண்டும். இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “மிளகாத்தூள் போட்டுட்ட. உப்பையும் போட்டிருந்தா அப்படியே ஒலையில கொட்டியிருப்பேன்.”

கூரை

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. தகரம் மாற்ற ஆகும் செலவைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் வெளியே போய், எங்கிருந்தோ ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரோடு வந்தார். இழுத்துக் கட்டினார். ஒழுகல் நின்றது. எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. எதிரே வருகிறவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள். இரண்டு பேர் கும்பிடவே செய்தார்கள்.

மூன்றாவது ஊரில் இறங்கி அண்ணாந்து பார்த்தபோதுதான் விளங்கியது. கண்ணீர் அஞ்சலி பேனர். வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர் கூரையிலிருந்து பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு சிரித்தார். சாமையோடு வரிசையில் நின்றிருந்த ஒருவர் அவரை வெகுநேரம் பார்த்தார். நான் பேனரின் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. “எங்க பெரியப்பன் உசுரோட இருந்த வரைக்கும் எங்க ஊர் எல்லைய தாண்டினதில்லீங்க. செத்த பின்னாடி நாலு ஊர் பாக்கறாரு, பாக்கட்டும்.”

பட்டை

கார்த்திகையில், வண்டியின் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை முறிந்தது. போளூர் மெக்கானிக் அண்ணன் வண்டியை ஜாக்கியில் ஏற்ற வேண்டும், உள்ளே இருப்பதை இறக்குங்கள் என்றார். கட்டில், அடுப்பு, பாத்திரம், என் நாலு புடவை எல்லாம் கிரீஸ் கறை படிந்த தரையில் வரிசையாக உட்கார்ந்தன. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிற வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் எங்கள் குடித்தனத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருப்புக் கொள்ளாமல் எழுந்து போய், நான் பார்த்து வைத்த வீட்டைத் தெருவில் நின்று பார்த்தேன். மாடியில் யாருடைய புடவையோ காய்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பொறாமையில் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து, எங்கள் வண்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மெக்கானிக் அண்ணனைக் கேட்டேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே பதில் சொன்னார். “வண்டின்னு பாத்தா இது நல்ல வூடும்மா. வூடுன்னு பாத்தா நல்ல வண்டி.”

எட்டு நாள்

அடுத்த வாரமே ஏற்றத்தில் கிளட்ச் பிளேட் கருகியது. எப்படியோ தள்ளி ஓர் ஊரில் சேர்த்தோம். பிளேட் வேலூரிலிருந்து வர வேண்டும். வண்டி நகராதே தவிர, எஞ்சின் ஓடும், மிஷின் அரைக்கும். அந்த ஊருக்கு அது திருவிழாவாகிவிட்டது. ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிற மிஷின் வாசலிலேயே நிற்கிறது. பக்கத்து ஊர்களுக்கும் சேதி சொல்ல ஆள் போனது. அவரைக்காய், தேன், கீரை என்று எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் மட்டும் ரோட்டுக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். முறைப்படி போக வேண்டிய மற்ற ஊர்களின் வருமானம் போகிறது, கிளட்ச் செலவும் சேர்கிறது, தை நெருங்குகிறது. பஸ் வரும்போதெல்லாம் பிளேட் வந்ததா என்று ஓடுவேன். எட்டாம் நாள் வந்தது. மாட்டியாயிற்று என்றதும் ஊர்க்காரர் ஒருவரின் முகம் வாடிவிட்டது. “இன்னா அவசரம்மா உனக்கு? எங்க போனாலும் வூடு உன் கூடத்தான வருது.”

எஞ்சின்

மார்கழிக் கடைசியில் டப்பா நிரம்பியது. நான்கு நாள் கழித்து எஞ்சின் நின்றது. இந்த முறை மிஷினும் சேர்ந்து நின்றது. மெக்கானிக் அண்ணன் பஸ் ஏறி மேலே வந்து திறந்து பார்த்தார். அவர் சொன்ன தொகை ஏறக்குறைய டப்பாவில் இருந்ததேதான். என் வீட்டுக்காரர் டப்பா பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று முன்கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபமான கோபம். மிஷினை விற்றுவிடலாம், போளூரில் உங்களுக்கு டிரைவர் வேலை கிடைக்காமலா போகும் என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். இரண்டு நாள் வண்டி அசையாமல் நின்றது. வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. நான் கேட்டது இதைத்தான். ஆனாலும் உட்கார முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மூன்றாம் நாள் காலை, நாங்கள் போகாமல் விட்ட ஊரிலிருந்து ஐந்தாறு பெண்கள் தலையில் சாமை மூட்டையோடு ரோட்டில் வந்தார்கள். ஜமுனாமரத்தூர் மிஷினுக்கு நடக்கிறார்களாம். ஒரு பெண் எங்கள் படியில் மூட்டையை இறக்கி வைத்து, கழுத்தை நீவிக்கொண்டு தண்ணீர் கேட்டாள். குடித்தாள். மூட்டையைத் தூக்கிவிட நானும் ஒரு கை கொடுத்தேன். என்னால் அதை அவள் தலை வரைக்கும் தூக்க முடியவில்லை. இன்னொருத்தி வந்து பிடித்தாள். எஞ்சின் செலவையும் வீட்டையும் பற்றி அவளிடம் ஏதேதோ சொன்னேன். அவள் மூட்டைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தாள். “உன்ன குத்தம் சொல்லலம்மா. நீ நின்னுட்டா நாங்க நடக்கணும், அவ்ளோதான்.”

அன்று மத்தியானமே போளூருக்குப் பஸ் ஏறிப் போய் டப்பாவை மெக்கானிக் அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். அசையாத வீட்டுக்கென்று சேர்த்த காசைக் கொடுத்து, இருக்கிற வீட்டை மறுபடி ஆட வைத்தவள் இந்த மலையில் நான் ஒருத்திதான்.