சேமக்காலையில் தெளித்த தண்ணீர்

மணற்காட்டில் சோளகக் காற்று எழும்பினால் சோற்றிலும் மண், பாயிலும் மண். அதனால் காலையில் முற்றத்துக்குத் தண்ணீர் தெளிக்காத பெண் அந்த ஊரில் இல்லை. ஈர மண்ணைக் காற்றால் தூக்க முடியாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செபஸ்தியம்மா அதை நம்பித்தான் கெட்டாள்.

கடலுக்குப் போன அவளுடைய மகன் எமில்ராஜ் பிணமாகத்தான் கரை ஒதுங்கினான். ஊர்க் கல்லறைகள் இருந்த சேமக்காலையில் அடக்கம் செய்து, சீமெந்துச் சிலுவை நட்டு, அதில் பேரை எழுதினார்கள். அவனுக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியது அந்தப் பேர் மட்டும்தான். பக்கத்து மணல்மேடு அதையும் மூடிவிடுமோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

விடிந்ததும் வாளியோடு போய் மகனின் குழிமேல் தெளிப்பாள். வெயில் ஏற ஈரம் காய்ந்துவிடும். பின்னேரமும் போவாள். விசர் பிடித்துவிட்டது என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும், கதைத்த வாய்களில் ஒன்றாவது ஒரு வாளி தூக்கிக் கொடுத்ததா?

அப்படியிருந்தும் மண் ஏறியது. சிலுவையின் அடி போனது, பிறகு பேரும் போனது. அவள் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினாள்.

ஒரு நாள் கணவன் யாகப்புவும் கூட வந்தான். அவள் பாதி தெளித்ததும் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

"கொஞ்சம் பொறுத்துப் பார்."

காற்று வீசியது. பக்கத்துக் குழிகளின் காய்ந்த தரையில் மணல் ஓடிவந்து, நிற்காமல் அப்பால் போனது. எமில்ராஜின் குழிக்கு வந்த மணல் மட்டும் அப்போது தெளித்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. யாருமே எட்டிப் பார்க்காத சிலுவைகளெல்லாம் பேர் தெரிய நின்றன.

"நீ ஊத்தின தண்ணிதான் மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கு."

செபஸ்தியம்மா குனிந்து அந்த ஈர மணலைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன மாசமே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ வேறை என்னத்தைச் செய்யப் போறாய்?"

அவள் முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் தோண்டினாள். பேரின் முதல் எழுத்து வெளியே வந்தது. அடுத்த எழுத்தைத் தேடுவதற்குள் காற்று கொண்டுவந்த மணல் அதை மூடியது. திரும்பவும் தோண்டினாள், திரும்பவும் மூடியது. அவள் பெற்ற பிள்ளையை அவளே இரண்டாம் தரம் புதைத்திருக்கிறாள்.

யாகப்பு தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு முன்னால் நடந்தான். அவளும் பின்னால் போனாள். நாளைக்கு விடிந்ததும் எழும்பி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.