கேட்டிலிருந்து ஜெனரேட்டர் ரூம் வரை பழனாத்தாவோடு

பழனாத்தா போய்விட்டாள். விடியற்காலையில் அவள் மகள் சுமதி போன் செய்தாள்... தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

அவளோடு நான் பேசிப் பல வருடம் ஆகிறது. ஏன் பேசவில்லை என்று இந்த குரூப்பில் இருக்கிற நம் பழைய கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால்... நான் சொன்ன கதை தெரியும்.

நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனி. செக்கிங்கில் ஒரே டேபிளில் எதிரெதிரே பதினோரு வருடம் நின்றோம். அவள் கையைத் தாண்டி ஓட்டை விழுந்த பீஸ் ஒன்றுகூடப் போகாது.

காலையில் கம்பெனி பஸ் யாருக்கும் நிற்காது. பழனாத்தா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஏனுங்க டிரைவரண்ணா, எங்க மயிலு வருதுங்க... ஒரு நிமிசம் பொறுங்க சாமி" என்பாள். நான் மூச்சிரைக்க வந்து ஏறினால் பக்கத்து சீட்டில் அவள் டிபன் பை இருக்கும். எனக்குப் பிடித்து வைத்த இடம்.

கவர்மெண்ட் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் லேடீஸுக்கு ஓட்டம். கேட்டிலிருந்து ஜெனரேட்டர் ரூம் வரை... அவ்வளவுதான்.

"மயிலு, பேரு குடுத்துட்டேன். உம் பேரையும் சேத்தித்தான்."

"ஏனுடி, கழுத வயசாச்சு. ஓடி என்னத்தப் புடிக்கப் போறே?"

"நெதமும் பஸ்ஸுக்கு ஓடறமே, அதுக்கு எவ பரிசு குடுத்தா? ரெண்டு பேரும் சேந்தே ஓடலாம் புள்ள. கடைசியா வந்தாலும் ரெண்டு பேராத்தான் வரோணும்."

சரி என்றேன். இரண்டு பேருமே அதற்கு முன் போட்டி என்று ஒன்றில் ஓடியதில்லை.

ஆனால் எனக்கு மனதில் ஒன்று கிடந்தது. அந்த வாரம்தான் சூப்பர்வைசர் நான் செக்கிங் பார்த்து முடித்த பனியன் கட்டைப் பிரித்துப் போட்டு, ஓட்டை பீஸைக் காட்டி, "பழனாத்தாக்காவப் பாத்துக் கத்துக்கங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தான். அவன் போட்டிருந்த சட்டையின் கலர்கூட ஞாபகம் இருக்கிறது. அவனை இன்னும் மன்னிக்கவில்லை. பழனாத்தா பாவம், என்ன செய்வாள்... சங்கடத்தில் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புதான் உறைத்தது.

சேலையை முழங்கால் வரை ஏற்றி, அவிழாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டினால்தான் ஓட முடியும். வேஸ்ட் மூட்டையிலிருந்து நான்தான் இரண்டு துண்டு எடுத்து வந்தேன். ஒன்று டேப்... நாடாத் துணி. இழுத்தாலும் அசையாது. இன்னொன்று ரிப்... பனியன் கழுத்துக்கு வைக்கிற துணி. இழுக்க இழுக்க நீளும்.

டேப்பை நான் கட்டிக்கொண்டேன்.

"இறுக்கிக் கட்டுடி, மானம் போயிரும்" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள் பழனாத்தா. நான் என்ன கட்டுகிறேன் என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

விசில் அடித்தார்கள். பாதி தூரம் தோளோடு தோளாகத்தான் ஓடினோம். அப்புறம் அவள் ஒரு முழம் முன்னால் போனாள். போனவள் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வா புள்ள, வா வா!"

அந்த நேரத்தில் கட்டு தளர்ந்து கொசுவம் கீழே இறங்கியது. அதையே மிதித்துக் குப்புற விழுந்தாள்.

"மயிலு" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது.

நான் ஓடினேன்.

கோட்டைத் தாண்டித் திரும்பினால்... டைலர் பெண்கள் அவளைச் சுற்றி மறைத்து நின்று சேலையைச் சரிசெய்கிறார்கள். கட்டிங் ஆட்கள் சிரிக்கிறார்கள். முழங்காலில் ரத்தம்.

முதலாளியம்மா கையால் எனக்குப் பித்தளைக் குடம் கொடுத்தார்கள். அனுப்பர்பாளையத்துக் குடம்.

சாயங்காலம் பஸ்ஸில், "கொடத்த ஒரு நாளைக்கு எங்கூட்டுக்கும் குடுத்து உடு. பாதி தூரம் நானும் ஓடியிருக்கறனல்லோ" என்று சிரித்தாள். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் மயிலு... எனக்குக் கட்டுனது ரிப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

"அப்ப நா வேணும்னே உன்னய உளுக வெச்சேங்கறயா?" பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"நா அப்படிச் சொல்லல புள்ள..."

மறுநாளே வேறு டேபிளுக்கு மாறிக்கொண்டேன். தோற்ற வயிற்றெரிச்சலில் என்னை மோசக்காரி என்கிறாள் என்று செக்‌ஷன் முழுக்கச் சொன்னேன். நீங்களும் நிறையப் பேர் நம்பினீர்கள். அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள்.

சுமதி கல்யாணத்துக்குப் பழனாத்தா வெற்றிலை பாக்கோடு என் வீடு தேடி வந்தாள். வாசப்படி ஏறச் சுவரைப் பிடித்தாள், அந்த முழங்கால் சரியாக மடங்கவில்லை. பத்திரிகையை வாங்கி டிவி மேல் வைத்தேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.

இன்றைக்குப் போனேன்.

சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெரீம்மா, அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சுங்க... கேக்கக் கூடாததக் கேட்டுப்போட்டேன், மயிலு மனசு நொந்து போச்சுன்னு. அம்மாவ மன்னிச்சிருங்க பெரீம்மா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்றேன். அங்கே வைத்து என் வாயிலிருந்து வந்தது அதுதான். மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சுமதி, யாராவது காட்டி இதை நீ பார்ப்பாய். உங்கம்மாவை மன்னிக்க என்னிடம் ஒன்றுமில்லை கண்ணு. அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, அதுதான் நடந்தது.

கம்பெனி ஆட்கள் காரியத்துக்கு முன்னால் ஒரு நடை போய்வாருங்கள். என் பேச்சைக் கேட்டு அவளை ஒதுக்கியவர்கள் கட்டாயம் போங்கள்.

ஆமா பழனாத்தா... ரிப்தான். தெரிஞ்சுதான் கட்டினேன்.

போய்ட்டு வா புள்ள.