புளித்தண்ணீரில் ஓர் இரவு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் நான் மலாக்காவில் ஒரு நகைப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடை ஜாலான் பெண்டஹாராவில். குடியிருந்தது காஜா பெராங்கில், செட்டி கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கூச்சம் மட்டும் நிற்கவில்லை. கடைக்கு வரும் பெண்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கைகளைப் பார்ப்பேன், அந்தக் கைகள் மேஜைமேல் வைக்கும் பொருளைப் பார்ப்பேன்.

மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் நம்மைப்போலவே திருநீறு பூசுவார்கள். ஆனால் உடுத்துவது கபாயா என்ற மேல்சட்டை, வீட்டில் பேசுவது மலாய், எங்களைப் போன்றவர்களிடம் தமிழ். கபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. நெஞ்சில் மூன்று நகைகளை வரிசையாகக் குத்தி மூடுவார்கள். கெரொசாங் என்பார்கள். மேலே குத்துவது பெரியது, அது தாய். கீழே உள்ள சிறியவை இரண்டும் பிள்ளைகள்.

பக்கத்து ஜவுளிக்கடையில் புதுக்கொடிக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்த நாட்கள். முதலாளி சிங்கப்பூர் போயிருந்தார். மத்தியானம் அக்காளும் தங்கையுமாக இரண்டு செட்டிப் பெண்கள் வந்தார்கள். தங்கையை எனக்குத் தெரியும். அவர் வீட்டு வேலியோரமாகத்தான் நான் தினமும் சைக்கிளில் கடைக்குப் போவேன். கணவரை இழந்தவர். பலகாரம் செய்து விற்று ஒரே மகளை வளர்த்தவர். அந்த மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது.

தங்கை கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு சிறிய கெரொசாங்குகளை வைத்தார். தங்கக் கட்டுக்குள் முத்துச்சிப்பியில் செதுக்கிய பூ. சிப்பி என்று நானாகத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். பளபளப்பு துளியும் இல்லை. சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெளுத்துக் கிடந்தது.

நடந்ததை அக்காள்தான் சொன்னார். அவர்கள் அம்மா சாகும்போது தாயைப் பெரியவளுக்கும் பிள்ளைகள் இரண்டையும் சின்னவளுக்கும் கொடுத்தாராம். கல்யாணத்துக்காகத் தங்கை தன் வளையல்களோடு இவற்றையும் ராத்திரி புளித்தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார். நல்ல நாளுக்கு முன் எல்லா வீட்டிலும் செய்வதுதான். காலையில் வளையல் மின்னியது, பூ வெளுத்துவிட்டது.

"நல்ல தங்கம் புளியில குளிச்சா சிரிக்கும் தம்பி. இவளோடது ஒரே ராத்திரியில செத்துப்போச்சு. அசல் சாகுமா?" என்றார் அக்காள். தங்கை அம்மாவின் சிப்பியை எடுத்து விற்றுவிட்டு, பிளாஸ்டிக்கை வைத்துக் கட்டிவிட்டாள் என்பது அவர் கட்சி. அவர்கள் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணுக்குக் கெரொசாங் குத்திவிடுவது பெரியம்மாவின் உரிமை. பொய் என்று தெரிந்தால் கல்யாண வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். கம்பத்தில் பாதிப்பேர் அதற்குள் தங்கையைத் திருடி என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

தங்கை ஒன்றுதான் சொன்னார், போலிக்குப் பல்சு என்ற மலாய்ச் சொல்லைப் போட்டு. "பல்சுன்னா பல்சுன்னு சொல்லிடுங்க தம்பி. ஆனா நான் மாத்தல."

பிள்ளைகளில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஏடு ஏடாகப் படிந்த வரி தெரிந்தது. ஓரத்தில் ஓட்டின் பழுப்புத் தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முன்னால் பூவின் ஓர் இதழ்போல இன்னோர் இதழ் இல்லை. உளி எங்கே தயங்கியது, எங்கே திரும்பியது என்றுகூடச் சொல்லலாம். பூவும் அதன் மேல் குனிந்த குருவியும் சீனர் கைவேலை. முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று அக்காள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீன வேலை என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாபாக்கள் என்கிற மலாக்காச் சீனர் வீடுகளிலிருந்து சிப்பிப் பொத்தான்கள் எங்கள் பட்டறைக்கு வரும். அவற்றைப் புளிக்குப் பக்கத்திலேயே விடமாட்டோம். சிப்பியும் ஒரு வகைச் சுண்ணாம்புதான், புளிப்பு பட்டால் அரித்துவிடும். தங்கத்துக்குச் சொன்ன பரிசோதனை சிப்பிக்கு ஆகாது. அசலாக இருந்ததால்தான் இவை செத்தன. தரையைப் பார்த்தபடி இதைச் சொல்லி முடித்தேன்.

அத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். அக்காள் விடவில்லை. தன் நெஞ்சில் குத்தியிருந்த பெரிய கெரொசாங்கை, அம்மா கொடுத்த அந்தத் தாயை, கழற்றி என் முன்னால் வைத்தார். "இத பாருங்க. ஒவ்வொரு பொங்கலுக்கும் நானும் புளியிலதான் போடுறேன். இது ஏன் சாகல?"

அது பளபளவென்று இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். எடையே இல்லை. கன்னத்தில் வைத்தால் குளிரவில்லை. எல்லா இதழ்களும் ஒன்றுபோலவே இருந்தன. விளிம்பைச் சுற்றி அச்சில் வார்த்த கோடு. கட்டின் முலாம்கூட அங்கங்கே தேய்ந்திருந்தது. பெண்கள் இருவர் எதிரில் நிற்கும்போது எனக்குச் சாதாரணப் பேச்சே வராது. முதலாளி வந்து பார்க்கட்டும் என்று முனகினேன். தங்கையின் நகையில்தான் எனக்குச் சந்தேகம் என்று அக்காள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "ஊசி காய்ச்சி வச்சுப் பாருங்க, பிளாஸ்டிக்குன்னா உருகிடும். ரெண்டு பேரோடதுக்கும் வைங்க, இவ கண்ணால பாக்கட்டும்" என்றார்.

பிள்ளையின் முதுகில் சுட்ட ஊசியை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. தாயின் முதுகில் வைத்தேன். ஊசி உள்ளே இறங்கியது. கடை முழுவதும் கற்பூர வாசனை.

அக்காள் சட்டென்று திரும்பிச் சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தார். யாரோ தீபாராதனை காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அங்கே விளக்குகூட எரியவில்லை. பிறகு என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். செலுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கைச் சுட்டால் அந்த வாசனைதான் வரும், அதில் கற்பூரம் சேர்ப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் யாரையும் பார்க்காமல், "ஜப்பான்காரன் காலத்துல எனக்கு மலேரியா" என்றார். "கொய்னா மருந்து எங்கயும் கெடைக்கல. அம்மா எங்கயோ போயி வாங்கிட்டு வந்தாங்க. எத வித்து வாங்குனீங்கன்னு நான் கேக்கவே இல்ல."

தங்கை மீது இருந்த பழி அந்த இடத்தில் போய்விட்டது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. வெளுத்த பூக்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப இது ரெண்டையும் கொன்னது நான்தானே?" என்று கேட்டார். தெரியாமல் செய்ததுதானே என்றேன். மெருகு ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் மேலே அரித்த அளவுக்குத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் இதழும் குருவியும் போய்விடும், வெறும் வில்லைதான் மிஞ்சும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். ஒன்றில் கட்டு தளர்ந்திருந்தது. அதை மட்டும் சரிசெய்து கொடுக்கச் சொன்னார்.

அவர்கள் போகும்போது அக்காள்தான் முதலில் எழுந்து தங்கையின் கையைப் பிடித்தார். என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்று தெரியாது.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பின்வரிசையில் நின்றேன். கல்யாணப் பெண்ணின் நெஞ்சில் பெரியம்மாவே மூன்றையும் குத்திவிட்டார், செலுலாய்டுத் தாய் மேலே, செத்த பிள்ளைகள் கீழே. மேலே இருந்தது மட்டும் மின்னியது. உறவுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து வேலை வேலைதான் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

இப்போதும் எனக்கு மனசு ஆறாதது ஒன்று உண்டு. அவர்கள் புளி கரைத்த அன்று மாலையும் நான் அந்த வேலியோரமாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பேன். நகையை யாராவது அன்று என்னிடம் காட்டியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். காட்டியிருக்க மாட்டார்கள். காட்டக் காரணமே இல்லை. அது அசலா என்று யாருக்கும் அதுவரை சந்தேகம் வரவில்லையே.

கல்யாணத்துக்கு முன் அந்தத் தளர்ந்த கட்டைச் சரிசெய்தபோது தங்க விளிம்பைக் கொஞ்சம் நெம்பினேன். அதன் அடியில் புளித்தண்ணீர் எட்டாத இடம் ஒரு மயிரிழை அகலத்துக்கு இருந்தது. விளக்கடியில் சாய்த்தபோது அதில் பச்சையும் ரோஜாவும் மாறி மாறி ஓடின. இரண்டு மூன்று தடவை சாய்த்துப் பார்த்தேன். பிறகு விளிம்பை அழுத்தி மூடினேன்.